மூன்று சொட்டு எண்ணெய்

முட்டைத் தோசையில் உப்பு இல்லை என்று அன்பரசன் கடைக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தகரக் கொட்டகை போட்ட கடை. கடைக்காரர் உப்பு டப்பாவையே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, டப்பா காலியாகிற வரை போட்டுக்கொள்ளலாம், உப்புக்குத் தனிக் காசு இல்லை என்றார். அன்பரசன் வீம்புக்கு மூன்று சிட்டிகை போட்டான். பிறகு உப்புக் கரிக்கிறது என்று பாதித் தோசையை அண்ணன் தனசேகரனின் தட்டில் தள்ளினான். தம்பி மிச்சம் வைத்ததைத் தின்றே வளர்ந்தவன் தனசேகரன். அன்றும் தின்றான். அண்ணனும் தம்பியும் சாதாரணமாகச் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

தனசேகரனுக்குப் போளூரில் பம்புசெட்டு மோட்டார் பழுது பார்க்கிற பட்டறை. நாற்பத்து மூன்று வயதில் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடையெல்லாம் மூன்று நாளில் நின்றுவிடும் என்று சொல்லி, அன்பரசன் அவனுக்கு ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். அன்பரசன் தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு வாத்தியார். அவனிடம் இருந்தது மலையேறுகிற புது சைக்கிள். சக்கர நடுவில் இரும்புத் தட்டும் அதைக் கவ்வுகிற பிரேக்கும் வைத்தது. வேலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சதீஸ்குமாரிடம் வாங்கியது. அந்தச் சதீஸ்குமார்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிப்போவான். சாயங்காலம் போளூரில் கிளம்பி, ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஆலங்காயம் பக்கம் இறங்குவது. அங்கே வேன் நிற்கும்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கருவிப் பையும் விசிலும் வைத்துக்கொண்டு ஒருவன் எல்லாருக்கும் பின்னால் வரவேண்டும். யார் வண்டி நின்றாலும் அவனும் நிற்கவேண்டும். அவனுக்குக் கடைசி ஆள் என்று பெயர். கிளம்பும்போது சதீஸ்குமார் கையை உயர்த்தி, கடைசி ஆள் இல்லாமல் ஒருத்தரும் இறங்கக்கூடாது என்று பிரசங்கமே செய்தான். எல்லாரும் கைதட்டினார்கள். தனசேகரனும் தட்டினான். தட்டிய கையை இப்போது நினைத்தாலும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, தனசேகரனின் சங்கிலி அறுந்தது. அன்பரசன் திரும்பி வந்தான். கடைசி ஆள் வருவான் என்று இருவரும் நின்றார்கள். பத்து நிமிஷம், கால் மணி நேரம். பின்னால் நிலா வெளிச்சத்தில் ரோடு மட்டும் கிடந்தது. முன்னால் போகிறவர்கள் இறங்குவதை வீடியோ எடுக்க விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்று, கடைசி ஆளைச் சதீஸ்குமார் முன்னால் கூப்பிட்டுக்கொண்டுவிட்டான். இது அவர்களுக்கு அப்போது தெரியாது. போன் அடித்தால் எடுக்கவில்லை. அப்புறம் சிக்னலே இல்லை.

"வர மாட்டானுங்கண்ணா. நம்ம கல்யாணத்துக்கு நாமதான் மோளம் அடிச்சிக்கணும்" என்றான் அன்பரசன்.

தன் பையில் இருந்த சின்னச் சாமானை வைத்து, விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணியை எடுத்துவிட்டுச் சங்கிலியைக் கோத்தான். அரை மைலில் மறுபடி அறுந்தது. மறுபடி கோத்தான். மூன்றாவது முறை கியர் சிக்கிக்கொண்டது. அதை ஒரே பல்லில் நிறுத்திவைத்து, இனி மிதிக்காமல் இறக்கத்தில் மட்டும் ஓட்டு என்று அண்ணனுக்குச் சொன்னான். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தை மாசத்துப் பனி, ஜெர்க்கினுக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. அத்தனை நேரத்துக்கும் அன்பரசன் ஒரு சொல் முகம் சுளித்துச் சொல்லவில்லை. அவன் ஒருவனாக இருந்திருந்தால் அப்போது ஆலங்காயத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

வழியில் ஓடைத் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடியது. அதில் இறங்கி ஏறியதிலிருந்து அன்பரசனின் பிரேக் கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. பிடிக்கும்போதெல்லாம் பன்றியைக் கழுத்தில் பிடித்த மாதிரி. இரண்டு பக்கமும் புளியமரங்களில் அடைந்த பறவைகள் பதறின. சாமைக் கொல்லைக் காவலுக்குப் படுத்திருந்த யாரோ, யாருய்யா அது என்று இருட்டிலிருந்து கேட்டார்கள். அன்பரசன் சிரித்துக்கொண்டே, ஹாரன் தனியாக வாங்க வேண்டியதில்லை என்றான்.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் அன்பரசன் வண்டியைச் சாய்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று பாறைமேல் ஏறினான். தனசேகரன் தம்பியின் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தான். ராத்திரி முழுக்கத் தனக்காகக் கையைக் கருப்பாக்கிக்கொண்டவனுக்கு ஏதாவது செய்யவேண்டும்போல் இருந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பட்டறையில் அவன் கற்ற பாடம் ஒன்றுதான்: கத்துகிற இரும்பு எண்ணெய் கேட்கிறது. மோட்டார் கத்தினால் எண்ணெய், ஷட்டர் கத்தினால் எண்ணெய், மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணற்று உருளை கத்தினாலும் எண்ணெய். பட்டறைக்காரன் பையில் எண்ணெய்க் குப்பி இல்லாமல் இருக்குமா? இருந்தது. முன் தட்டில் இரண்டு சொட்டு, பின் தட்டில் ஒரு சொட்டு. சக்கரத்தைச் சுற்றிவிட்டான். நன்றாகப் பரவியது.

அவனுடைய பழைய சைக்கிளில் ரப்பர்க் கட்டை சக்கர விளிம்பைப் பிடிக்கும். தட்டுப் பிரேக்கை அவன் அதுவரை தொட்டதில்லை. பிசுக்குப் பட்டால் பிரேக் வழுக்கும், அந்தத் தட்டில் விரல் ரேகைகூடப் படக்கூடாது என்பது சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கருவிப் பையோடு வந்திருக்க வேண்டிய அந்தக் கடைசி ஆளுக்கும் தெரியும். தனசேகரனுக்குத் தெரியாது.

அன்பரசன் இறங்கி வந்து வண்டியைத் தள்ளி, ஒருமுறை பிடித்துப் பார்த்தான். தள்ளுகிற வேகத்துக்கு நின்றது. சத்தம் இல்லை.

"இன்னாண்ணா பண்ணே? வாயே தொறக்கல?"

"தொழில் ரகசியம்டா."

"அதான பாத்தேன். பட்டறைக்காரன் பட்டறைக்காரன்தான்" என்று அண்ணன் முதுகில் தட்டிவிட்டு ஏறினான்.

அவனுடைய சிவப்புப் பின்விளக்கு முதல் வளைவில் திரும்பியதைத் தனசேகரன் பார்த்தான். இரண்டாவது வளைவில் திரும்பவில்லை. நேராகப் போனது. அவன் குரல் கேட்கவில்லை, பிரேக் சத்தமும் கேட்கவில்லை. பிறகு கீழே வெகுநேரம் கற்கள் உருண்டன.

சாமைக் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தவர் பெயர் கருப்பன். தனசேகரன் போட்ட கூச்சலுக்கு அவரும் இன்னும் நாலு பேரும் ஓடிவந்து, போர்வையைக் கழியில் கட்டித் தூளி செய்து, பள்ளத்திலிருந்து அன்பரசனை மேலே கொண்டுவந்தார்கள். அப்படியே ஆலங்காயத்துக்குத் தூக்கிப்போன வழி முழுக்கக் கருப்பன், கண்ணைத் திற சாமி, கண்ணைத் திற சாமி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆலங்காயம் வெளிச்சம் தெரிகிறபோது அவர் சொல்வதை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலுக்குச் சதீஸ்குமார் வந்தான். கையில் ஒரு காகிதம் இருந்தது. எது நடந்தாலும் என் பொறுப்பு என்று அன்பரசன் கையெழுத்துப் போட்ட காகிதம். அதை நீட்டினான். தனசேகரன் அவன் கன்னத்தில் அறைந்தான். கீழே விழுந்தவனை மறுபடியும் அறையப் போனான். நாலு பேர் பிடித்தார்கள். வீடியோக்கு வெளக்குப் புடிக்க ஆளு வந்தான், என் தம்பிக்கு வரலியாடா என்று அவன் கேட்டதை ஊரே சொல்லிச் சொல்லி மெச்சியது. காரியத்தன்றும் அதே பேச்சு. அண்ணன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள்.

தனசேகரனுக்கு அந்தக் கோபம் வசதியாக இருந்தது. காலையில் எழுந்ததும் அதை எடுத்து மாட்டிக்கொள்வான். வேறொரு கோபம் உள்ளே இருந்தது, அந்த மூன்று சொட்டு என்ன செய்தது என்று புரிந்தபின் தன்மேலேயே வந்தது. அதன் பக்கம் அவன் திரும்பவில்லை. பட்டறையில் எண்ணெய்க் குப்பி எதிரில் வந்தால் வேலைக்காரன்மேல் எரிந்து விழுந்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். மோட்டார் வண்டியாக இருந்தால் பிரேக்கைச் சோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். சைக்கிளுக்கு அப்படி யாரும் இல்லையாம். வளைந்த சைக்கிள் ஸ்டேஷன் மதிலோரம் மழை வெயிலில் கிடந்தது. விளையாட்டு வாத்தியார் சாகசம் காட்டப்போய் விழுந்தான் என்று பேச்சு கிளம்பியது.

அந்தப் பேச்சை அன்பரசனின் மனைவி தேவயானியால் தாங்க முடியவில்லை. நாலு மாசம் கழித்து அவளே உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். விபத்துக்கு ஆறு நாள் முன்னால் சதீஸ்குமார் கடையில் சர்வீஸ் செய்த பிரேக் பிடிக்காததால்தான் தன் கணவர் இறந்தார் என்றும், நேரில் பார்த்த சாட்சி கணவரின் அண்ணன் என்றும் இருந்தது. கையெழுத்துக்காக அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

அதற்கு முதல் வாரம்தான் சதீஸ்குமார் போன் செய்திருந்தான். அழுதான். அந்தப் பிரேக்கை என் கையாலதான் பூட்டினேன், எங்கே தப்பு பண்ணேன்னு தெரியலைங்க, தூக்கமே வரலைங்க என்றான். தனசேகரன் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் கேட்டான். தூங்காதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனை வைத்தான். அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான். மறுநாள் காலையில், அப்படித் தூங்கியவனின் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தான்.

இப்போது தேவயானி பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையெழுத்து; சதீஸ்குமாரின் கடையும் பெயரும் மண்ணாகும். அவன் அதற்குத் தகுதியானவன்தான். கையெழுத்துப் போட்டால் யாரும் எப்போதும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"பிரேக்கு அவன் தப்பில்லம்மா" என்றான் தனசேகரன்.

"பின்ன?"

"நான் எண்ண வுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். கத்தியது, குப்பி, மூன்று சொட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டது. தொழில் ரகசியம் என்று சொன்னதையும் சொன்னான். தேவயானி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப அவரு பிரேக்கப் புடிச்சிருக்காரு."

"புடிச்சிருப்பான்."

"புடிச்சும் நிக்கல."

"ஆமா."

"பொண்டாட்டி புள்ள நெனப்பு இல்லாம பறந்துட்டாருன்னு ஊரே சொல்லிச்சி. நானும் பாதி நம்பிட்டேன் மாமா. தெனம் ராத்திரி அவரு போட்டோவப் பாத்துத் திட்டுவேன். நீங்க பக்கத்து வூட்லதான இருந்தீங்க? நாலு மாசமா நான் திட்டறதக் கேட்டுக்கினே இருந்தீங்களா?"

"கேட்டேம்மா."

"எண்ண வுட்டது தெரியாம பண்ணது. இது தெரிஞ்சே பண்ணது" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மனுவை அவள் கிழிக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனாள். தனசேகரன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தானே எழுதினான். எண்ணெய் விட்டது நான். கடைசி ஆளை முன்னால் கூப்பிட்டது சதீஸ்குமார். முதலாவதை மறைக்க இரண்டாவதைப் பெரிதாக்கினேன். ஆனாலும் இரண்டும் உண்மை. ஸ்டேஷனில் ரைட்டர் படித்துவிட்டு, எதுக்குங்க ஊரான் வீட்டுக் கொள்ளியைத் தலையில் வைத்துக்கொள்கிறீர்கள் என்றார். ஊரான் வீட்டுக் கொள்ளி இல்லை என்றான் தனசேகரன். ரைட்டர் தாளைக் கோப்பில் வைத்தார். அத்தோடு சரி.

சதீஸ்குமாருக்கும் ஒரு நகல் அனுப்பினான். பதில் இல்லை. இரண்டு பௌர்ணமி கழித்து அவன் மறுபடி ஆள் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது, தனசேகரனுக்குப் பழைய கோபம் குறையாமல் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டான். அது நியாயமான கோபம்தான். அதற்குப் பின்னால் இப்போது யாரும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை.

தேவயானி மகளோடு கணியம்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தனசேகரனோடு பேசுவதில்லை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ரேஷன் கார்டு, ஏழு பெயர். தன் பெயரையும் மகள் பெயரையும் பிரித்துக்கொள்ள அவள் கேட்பாள் என்று, அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவளுக்கு அனுப்பிவைத்தான். அது திரும்பி வரவில்லை. அவள் எங்கேயும் கொடுத்ததாகவும் தெரியவில்லை. கார்டில் இப்போதும் ஏழு பெயர்.