ஏழு மாதப் பஞ்சு

வளைகாப்பு மணையில் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா என் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, கூடத்து ஓரத்தில் ராஜவேல் செல்போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் லேசில் சுவரைப் பிடிக்கிற ஆள் இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. கலங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஏழு மாத வயிற்றைத் தைத்தவள் நான்தான். இலவம்பஞ்சு, பழைய பாவாடைத் துணி, பின்னால் முடிச்சுப் போட நாலு நாடா. எங்கள் குழந்தை சென்னையில் அஞ்சலாட்சி என்ற பெண்ணின் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷம், மூன்று ஆஸ்பத்திரி, நாலு முறை கலைந்த கரு. இனி உன் கர்ப்பப்பை தாங்காது என்று டாக்டரம்மா கையை விரித்த பிறகு, எங்கள் கருவைச் சுமக்க அஞ்சலாட்சி ஒப்புக்கொண்டாள். வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். “அம்மா தாங்க மாட்டாங்க ஹேமா. வாடகை வயித்துல வந்த புள்ளன்னு ஊரே காலத்துக்கும் சொல்லிக் காட்டும்” என்றார் ராஜவேல். அதனால் நானும் சுமந்தேன். ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சு சேர்த்தேன். பொய்யைக்கூட மாசக்கணக்கு தவறாமல் வளர்க்கிற குடும்பம் எங்களுடையது.

வயிற்றை யாரும் தொடக்கூடாது, டாக்டர் உத்தரவு என்று சொல்லிவைத்தோம். எங்கள் முதலியார்பேட்டையே நம்பியது. என் மாமியார் செல்வாம்பாள், விடிந்ததும் விடியாததுமாக வைத்திக்குப்பம் போய்த் துடிக்கத் துடிக்க மீன் வாங்கி வந்து குழம்பு வைத்துப் போடுவார். அதை நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடிப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில மத்தியானங்களில் எனக்கு உண்மையாகவே இடுப்பு வலித்தது.

ராஜவேல் பெண்களை விலக்கிக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தார்.

“அஞ்சலாட்சிக்குக் காலைல பனிக்குடம் ஒடஞ்சிடுச்சாம். பொறந்துடுச்சி ஹேமா. பொண்ணு.”

நான் தாயாகிவிட்டேன். மடியில் பூத்தட்டோடு, வயிற்றில் பஞ்சோடு மணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

“உசுரோட இருக்குதா?”

“கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. மூச்சு விடக் கஷ்டப்படுதாம். சீக்கிரம் வந்து பாருங்கன்னு சொல்றாங்க.”

“அஞ்சலாட்சி எப்பிடி இருக்கா?”

அதை அவர் விசாரிக்கவே இல்லை. அவரைச் சொல்லி என்ன? அவளுக்கும்தான் ஏழு மாதம். அவள் கைக்கு யாராவது ரெண்டு கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்களா என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை.

நான் எழுந்தேன். ராஜவேல் என் தோளை அழுத்தினார். “நீ இரு. நான் மட்டும் போயிட்டு வரேன். இப்ப நீ எழுந்தா எல்லாம் கெட்டுடும்.”

“நான் போறதுக்குள்ள புள்ள போயிட்டா?”

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். “இன்னாடி, எங்க கெளம்பற?”

“சென்னைக்கு அத்தே. ரொம்ப அவசரம்.”

“வெளையாடறியா? வளையல் போட்ட கையோட, மூணு மணி நேரம் கார்ல குலுங்கிக்கினு போவியா? உள்ள இருக்கறது என் பேரப்புள்ள. அதுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!”

அவர் போய் வாசலை மறித்து நின்றார். நாலு பெண்கள் என் கையைப் பிடித்து, பதமாக, பிரியமாக மறுபடி மணையில் உட்காரவைத்தார்கள். ஒருத்தி என் முதுகுக்குத் தலையணை வைத்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை அக்கறையும் இலவம்பஞ்சுக்கு. என் மகள் அங்கே தனியாக மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

ராஜவேலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை.

கையைப் பின்னால் விட்டேன். வளையல்கள் புடவையில் மாட்டி இழுத்தன. முதல் முடிச்சு உடனே அவிழ்ந்தது. அடுத்ததைப் பிய்த்தே எடுத்தேன். முந்தானைக்கு அடியிலிருந்து வயிறு சரிந்து, மடியில் விழுந்து, பூத்தட்டைத் தட்டிவிட்டுத் தரையில் உருண்டது. “ஐயோ, புள்ள!” என்று யாரோ அலறினார்கள்.

“புள்ள காலைலயே பொறந்துடுச்சி அத்தே. சென்னையில. வேற ஒரு பொண்ணு சொமந்து பெத்தா. ஆனா எங்க ரத்தம், எங்க புள்ள. என்னெப் போவ விடுங்க.”

அவர் தரையில் கிடந்ததைப் பார்த்தார். தட்டையாகிப்போன என் வயிற்றைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அறை விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

“எவ்ளோ எட இருக்குது?”

“ஒரு கிலோ நூறும்மா” என்றார் ராஜவேல்.

செல்வாம்பாள் சந்தனம் அப்பிய இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்தார். அதற்குள் பேத்தி அடங்குவாளா என்று பார்ப்பவர்போல் குனிந்து பார்த்துக்கொண்டே, வாசலை விட்டு நகராமல் நின்றார்.