முத்தாய்ப்பு வைக்காத ரும்பா

சேரப்பணஞ்சேரி செல்லியம்மன் கோயில் திடலில் 1991ஆம் வருஷம் ஆடி மாதம் என் கணவர் ரகுபதி வாசித்த காங்கோ மேளம் இன்னும் நிற்கவில்லை. அவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார், மேடையைப் பிரித்துவிட்டார்கள், மூன்று காங்கோவையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசிப்பு மட்டும் திடலில் தங்கிவிட்டது. வேப்பமரத்துக்கும் கோயில் மதிலுக்கும் நடுவில், இடுப்பு உயரத்தில், ஒரே சுற்று திரும்பத் திரும்பக் கேட்கும். ஐப்பசி மழையில் தோல் நனைந்ததுபோலச் சுருதி இறங்கும், சித்திரை வெயிலில் விறைத்து மேலே ஏறும். கோழிகள் அதன் நடுவே மேயும். காற்றடித்தால் ஏரிக்கரைவரை கேட்கும், இல்லாவிட்டால் ரேஷன் கடை திருப்பத்தோடு சரி.

அவர் வாலாஜாபாத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய், மவுண்ட் ரோட்டில் ஒரு ஓட்டலில் கண்ணாடித் தம்ளர் கழுவும் வேலையில் சேர்ந்தார். அங்கே சாயங்காலங்களில் கோவாக்காரர்கள் பாண்டு வாசிப்பார்கள். கியூபாவில் பிறந்து, நியூயார்க்கில் ஜாஸோடு கலந்து, இசைத்தட்டில் ஏறி, பம்பாய் வழியாக வந்து சேர்ந்த ரும்பா, மாம்போ தாளங்கள் அந்த ஓட்டலின் சமையலறைச் சுவர் வழியாக இவருக்குக் கேட்டன. தம்ளர் கழுவும் தொட்டியில் தண்ணீர்மேல் கையைத் தட்டித் தட்டிப் பழகினார். காங்கோக்காரர் மஞ்சள்காமாலையில் படுத்தபோது, பாண்டில் யாரோ இவர் தொட்டியில் தட்டுவதைக் கேட்டிருந்ததால், இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். படுத்தவர் ஊருக்குப் போய்விட்டார், இவர் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து சினிமா ரெக்கார்டிங். கதாநாயகன் வேஷம் மாறி வில்லனின் இடத்துக்குள் நுழைகிற பாட்டு என்றால் காங்கோ இல்லாமல் நடக்காத காலம் அது. எங்கள் வீட்டில் மாம்போ என்ற சொல் மிளகு ரசம் என்பதுபோலப் புழங்கியது. பிறகு கீபோர்டு வந்தது, அழைப்பு குறைந்தது. நான் பால்வாடி ஆசிரியையாக இருந்த சேரப்பணஞ்சேரிக்கே வந்து, வாலாஜாபாத் திருநாவுக்கரசுவின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்துகொண்டார்.

மெல்லிசைக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு நடுவில் கரண்ட் போனாலும், பாடகருக்கு மயக்கம் வந்தாலும், பந்தலே சரிந்தாலும், தோல்கருவி வாசிப்பவர் முத்தாய்ப்பு வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. கடைசியாக ஒரு கோர்வை போட்டுத் தாளத்தைக் கட்டிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுவதுபோல அதுவும் ஒன்று.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பேர் கூடி மைக் கட்டினால் போலீஸ் வந்து நிற்கும். அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரியை முடித்துவிடுவதாகச் சொல்லித்தான் தொடங்கினார்கள். மூன்றாவது பாட்டின் இடையிசையில் இவருடைய ரும்பா ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளைப் போட்டுவிட்டு மேடைக்கே ஓடிவந்தார். “அண்ணே, அண்ணே, நிறுத்துங்கண்ணே. ஐயா ஜீப்பு பின்னால வந்துகினே கீது. எனக்குத்தான் டோஸ் வுழும்” என்று கும்பிட்டார். இவர் யாராவது கும்பிட்டால் உடனே எழுந்து பதிலுக்குக் கும்பிடுகிற மனிதர். அப்படியே எழுந்து கும்பிட்டார். முத்தாய்ப்பு வைக்கவில்லை.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கோலம் போடப் போன லூர்தம்மாள்தான் முதலில் கேட்டது. அவள் மாதா கோயில்காரி என்றாலும் செல்லியம்மனுக்குக் கோலம் அவள் கைதான். யாரோ டேப்ரெக்கார்டரை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று சருகைக் கிளறித் தேடியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. பூசாரி சுப்பராயன் அம்மனிடம் பூ கட்டிப் போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. அம்மனுக்கு ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். அத்தோடு ஊர் அந்த விஷயத்தை விட்டுவிட்டது.

விடாதது இவர் கை. அடுத்த கச்சேரி சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மஞ்சள் நீராட்டு. தாலாட்டுப் பாட்டுக்கு உட்கார்ந்தார், கையில் வந்தது திடலில் ஓடுகிற அதே ரும்பா. சோகப் பாட்டுக்கும் அதே. சாமிப் பாட்டுக்கும் அதே. கையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார், எடுத்து வைத்ததும் அதே. பெண்ணின் தாய்மாமன் எழுந்து வந்து சண்டைக்கு நின்றார். வீட்டில் மாவு சலிக்கச் சொன்னால் சல்லடையிலும் அதுதான் விழுந்தது. அந்தச் சுற்று முடியாதவரை கை வேறு சுற்றுக்குப் போகாது என்பது எங்களுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

திருநாவுக்கரசு பர்மா பஜாரில் ஒரு ரிதம் பாக்ஸ் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். அதைப் பாய்மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். அது இருமுகிற பூனைபோலத் தாளம் போட்டது.

“இன்னா ரகு, பாத்தியா? டிபன் கேக்காது, டீ கேக்காது. முக்கியமா, தாலாட்டுக்குக் கேபரே போடாது.”

“சோறும் போடாது வாத்தியாரே” என்றார் இவர்.

“எனக்கு இது புடிக்குதுன்னா நெனைக்கற? உன் கை இல்லாம என் ட்ரூப்பு தகர டப்பாடா. போ, அந்தத் திடல்ல குந்து, நீ வுட்ட எடத்துல புடிச்சு முத்தாய்ப்பு வெச்சு முடி. தை மாசம் வரைக்கும் உன் எடத்த வெச்சிருக்கேன். முடிக்கலன்னா இந்தப் பூனைதான்.” பிறகு என்னைப் பார்த்து, “நீயாவது சொல்லும்மா அம்சா. வேற எதுனா வேல தெரியுமா இவனுக்கு?” என்றார்.

தெரியாது. தம்ளர் கழுவத் தெரியும், காங்கோ தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து முடித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

இதற்குள் அந்தத் திடலுக்கு வேறு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பல்பு கம்பெனியில் வேலை செய்த கலைமதியை ஷிப்டு முடிந்து வேன் அங்கேதான் இறக்கிவிடும். அவள் பக்கத்து வீட்டில் துபாயிலிருந்து வந்தவர் கொண்டுவந்த கேசட் ஒன்றில் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடாமல், தாளத்தின்மேல் பேசிக்கொண்டே போவார்கள். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. ஒருநாள் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்காரருடைய ரும்பாவின்மேல் அவளும் பேசிப் பார்த்தாள்.

“சைரன் ஊதுனா ஷிப்டு, ஷிப்டு வுட்டா வேனு,
வேனு ஏறுனா வூடு, வூட்டுக்குப் போனா அடுப்பு,
அடுப்புல போட அரிசி இல்ல, அரிசிக்கு வோணும் ஓ.டி.,
ஓ.டி. கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சி காட்டறான் போடி!”

வேனில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். மறுநாள் வேறு வேன்களும் நின்றன. பையன்கள் கம்பெனி அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தலைகீழாகச் சுற்றினார்கள். கலைமதி தினமும் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ் வராதது, தண்ணீர் வராதது, அவளைப் பெண் பார்க்க வந்தவன் பல் குத்திக்கொண்டே கேள்வி கேட்டது. இதற்கு ஹிப் ஹாப் என்று பெயர் என்பது பல வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை கலைமதி பேச்சு என்றுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, நாளைக்கு அத்த முடிச்சிடப் போறீங்களாமே?”

“ஆமாம்மா. எனக்கும் வயிறு கீதில்ல.”

“உங்களுக்குக் கை போச்சு, நாயம்தான். அது நின்னா எனக்கு வாய் போயிடும். வூட்ல பேசுனா அடி. கம்பெனில பேசுனா வேல காலி. அங்க பேசுனாத்தான் நாலு பேரு தலைய ஆட்றாங்க.”

இவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். முழங்காலில் அவை தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. “அந்த மூணாவது வரில அவசரப்படற. பெரிய காங்கோவோட அடி வுழற வரைக்கும் நில்லு” என்றார்.

“இப்ப சொல்லி இன்னாண்ணே புண்ணியம்?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. என் பால்வாடிச் சம்பளத்தில் வீடு ஓடாது.

மறுநாள் திருநாவுக்கரசு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பூசாரி கற்பூரம் காட்டினார். இவர் மூன்று காங்கோவையும், ஒலி வருகிற இடத்துக்கே கொண்டுபோய் வைத்து, சுற்று திரும்புவதற்காகக் காத்திருந்தார். அப்போது கலைமதி கூட்டத்திலிருந்து வெளியே வந்து, யாரிடமும் கேட்காமல் பேசத் தொடங்கினாள். அவள் லைனில் பிரஸ் மிஷினில் விரல் போன கிளியம்மாளைப் பற்றி. ஆஸ்பத்திரிக்குப் போக வேன் கொடுக்காததைப் பற்றி. மூன்றாவது வரியில் பெரிய காங்கோ விழும்வரை நின்றாள். வார்த்தை அதன்மேல் உட்கார்ந்தது.

இவர் கையைத் தூக்கினார். எல்லாரும் முத்தாய்ப்பு என்றே நினைத்தோம். கை இறங்கியபோது விழுந்தது வேறு. மூன்றும் இரண்டுமாக ஐந்து அடி, கோவாக்காரர்கள் இரண்டு குச்சியில் தட்டிக் காட்டுவார்களாம், அது அந்த ரும்பாவுக்கு அடியில் போய் நின்றது. அதன்மேல் இன்னொன்று. பிறகு இன்னொன்று. தாலாட்டின் நடைகூட ஒருமுறை வந்து போனது. அந்தத் திடலில், தன் பழைய வாசிப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால், கை எல்லாத் தாளத்துக்கும் போனது. கலைமதி பேசி முடித்த இடத்தில் இவரும் கையை எடுத்தார். பழையது மட்டும் போய்க்கொண்டிருந்தது.

திருநாவுக்கரசு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “பாவி, பூனையோட குடும்பம் நடத்த வெச்சிட்டியேடா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது இவர் என்னிடம், “வாட்ச்மேன் வேலைக்கு விசில் குடுப்பாங்களாம்மே” என்றார். எனக்குக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரமே ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். சோறு குறைந்தது, பட்டினி இல்லை. திடலைத் தாண்டி அவரால் வேறு தாளம் வாசிக்கவே முடியவில்லை, ஆகவே வேண்டியவர்கள் திடலுக்கு வந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்தார்கள், பெங்களூரிலிருந்து வந்தார்கள். டேப்பில் பிடித்தால் பேச்சு மட்டும் விழும், பழைய காங்கோ விழாது, அதனால் ஒவ்வொரு முறையும் நேரில்தான் வர வேண்டியிருந்தது. கியூபா வம்சத்தில் வந்த நியூயார்க்காரர் ஒருவர் ஒரு பொங்கலுக்கு வந்து, வேப்பமரத்தடியில் வெகுநேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, இது எந்த ஊர்க் கை என்று கேட்டார். வாலாஜாபாத் என்றார் இவர். அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். ஏரிக்கு அந்தப் பக்கம் கார் கம்பெனிகள் வந்தன, ரோடு அகலமானது, வயல் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். கலைமதி யூனியனில் பேசுகிற ஆளாகி, மேடைகளில் பேரெடுத்தாள். இன்றும் புதிதாக எதையாவது கட்டினால் இங்கே வந்துதான் பேசிப் பார்ப்பாள்.

போன மாசியில் இவர் இறந்தார். மூச்சு நின்றதும் எல்லாரும் திடல் பக்கம் காதைக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அது போய்க்கொண்டிருந்தது.

காரியத்துக்கு வந்த திருநாவுக்கரசுவுக்கு இப்போது நடக்க ஆள் பிடிக்க வேண்டும். கூடவே நல்ல வாசிப்புக்காரன் ஒருவனை அழைத்து வந்திருந்தார். “இவன் முடிச்சிடுவான்மா. அவன் ஆத்மா அலையக்கூடாது. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு” என்றார். பூசாரியின் மகனும் அதுதான் நல்லது என்றான். கலைமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுற்றில் நாலாவது அடி கொஞ்சம் மங்கலாக விழும். மற்றவர்கள் அதை நடையின் அழகு என்பார்கள். அது நடை இல்லை. அந்த ஆடி மாதக் கச்சேரி அன்று காலையில் எனக்குப் பலாப்பழம் அரிந்து கொடுத்தபோது அவருக்கு இடது மோதிர விரல் கிழிந்துவிட்டது. என் பழைய நூல் புடவையில் துணி கிழித்து நான்தான் சுற்றிவிட்டேன். தோலின்மேல் அந்தத் துணி படுகிற சத்தம் அது.

“இருக்கட்டும்ணா” என்று திருநாவுக்கரசுவிடம் சொன்னேன். “வெரல் இன்னும் ஆறல.”

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு இலைக்கு உட்கார்ந்தார். சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.