அண்ணனைக் காட்டாத ஆட்டம்

கோல் விழுந்தால் அடுத்த நொடி பயிற்சியாளரின் முகத்தைக் காட்ட வேண்டும். கால்பந்து ஒளிபரப்பில் இது எழுதப்படாத சட்டம். ஒளிபரப்பு வண்டிக்குள் உட்கார்ந்து, எந்தக் கேமராவின் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள் தங்கை. அவளே இன்று அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டாள். காரணம், கோல் போட்டது அவளுடைய அண்ணன் பயிற்சி கொடுக்கும் அணி.

“மேடம், கோச் துள்ளிக் குதிக்கிறாரு! காட்டலையா?” இரண்டாம் கேமராக்காரர் மைதானத்திலிருந்து ஹெட்போன் வழியே அவள் காதுக்குள் கெஞ்சினார்.

“வேணாம். கூட்டத்தைக் காட்டுங்க.”

சின்ன வயதில் ஒரே மெத்தையில் கவிழ்ந்து படுத்து ஆட்டம் பார்ப்பார்கள் இருவரும். ஒவ்வொரு பயிற்சியாளரும் சினிமா எடுத்தால் எப்படி எடுப்பார் என்று அடித்துக்கொள்வார்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் ஆட்களை நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கிறவர் பேய்ப்படக்காரர். படம் முழுக்க ஒரு மூடிய கதவுதான். பந்து கிடைத்ததும் நாலே உதையில் எதிர்முனைக்குப் பாய்கிறவர் சண்டைப்படக்காரர். ஆட்டக்காரன் மூச்சு விடுவதைக்கூடப் பலகையில் வரைந்து காட்டும் ஒருவரை அண்ணன் கிண்டல் செய்யாமல் விட்டதே இல்லை.

“இவரு படத்துல நாய்கூட ஒத்திகை பாத்துட்டுத்தான் குரைக்கும்.”

“நீ கோச் ஆனா?”

“நான் வெட்டவே மாட்டேன். ஒரே ஷாட்டு. பாக்கிறவன் கண் சிமிட்டக் கூடாது.”

சொன்னபடியே செய்தான். அவன் பையன்களின் கால்களில் பந்து அறுபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அவசரக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். விடட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்?

போன வருட இறுதி ஆட்டத்தில் தோற்றுப்போய் அவன் புல்தரையில் குந்தித் தேம்பினான். அவள் வேறு கேமராவுக்கு வெட்டவில்லை. அண்ணனிடம் கற்ற வித்தையை அண்ணன் மீதே காட்டினாள். ஊர் உலகமே பார்த்தது.

“என் அழுகை உனக்கு ஷாட்டாப் போச்சு, இல்ல?” என்று கேட்டுப் போனை வைத்தவன்தான். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை, வீம்புக்கென்றே பிறந்தவன். அன்று அவனைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அவன் வாயால் ஒரு திட்டு கிடைத்தால்கூடப் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

ஆட்டம் முடிந்தது. அண்ணன் அணிக்கு வெற்றி. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.

“மேடம்...” கேமராக்காரரின் குரல் மாறியிருந்தது. “உங்கண்ணன் நேரா எங்கிட்ட வந்து நிக்கிறாரு. கேமரா மேல இருக்கிற சிவப்பு விளக்கையே பாக்கிறாரு. நகர மாட்டேங்கிறாரு.”

படம் ஒளிபரப்பில் போனால்தான் அந்த விளக்கு எரியும். அது அண்ணனுக்கும் தெரியும்.

வண்டிக்குள் ஒரு சின்னத் திரையில் அவன் முகம் தெரிந்தது. நரை கூடியிருந்தது, கண் கலங்கியிருந்தது. ‘நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்’ என்று அவனுக்குச் சொல்ல அவளிடம் அந்த விளக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. விளக்கைப் போட்டாலோ, மறுபடியும் ஊரே பார்க்கும்.

அண்ணன் சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை. காத்திருந்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு எரிந்ததும் அவன் உதடு கோணியது. அத்தனை பேர் பார்க்க, சின்னப் பையனாக அழுதான்.

“வெட்டிரலாமா மேடம்?”

“இருங்க. அவனாப் போகட்டும்.”

அவன் போகவில்லை.