முப்பத்திரண்டு சீட்டையும் மறக்காதவர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சேலத்தில், 1963ஆம் வருடம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டுச் சீட்டாட்டத்தில் ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டாள். மற்ற மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கேள்வி என்ன என்பதை அதற்குரிய இடத்தில் சொல்வேன். அதற்குள் தாளைப் புரட்டிப் பார்க்காதீர்கள்.

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன். 'கஞ்சமலையின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை' என்று தொடங்கியதை அங்கேயே நிறுத்திவிட்டேன். கதை நடப்பது ஓட்டு வீட்டுக்குள், கதிரவனுக்கு அங்கே வேலை கிடையாது. 'வயோதிகம் என்பது யாதெனில்' என்று இரண்டாவது. எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே மூன்றாவதாக, நேரே ஆளையே கூட்டிவருகிறேன்.

2

யாகப்பன். வயது அறுபது. ரயில் தபாலில் முப்பத்தைந்து வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து அலமாரிப் பொந்துகளில் போட்டவர். மல்லசமுத்திரம் எந்தப் பொந்து, சேந்தமங்கலம் எந்தப் பொந்து என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவார். எண்ணெய் பட்டு முகவரி பாதி அழிந்துபோன கடிதத்தைக்கூட உரிய ஆளிடம் சேர்த்திருக்கிறார். இதை அவர் வாயால் கேட்டவர்கள் ஏராளம். கேட்காமல் தப்பித்தவர்கள் ஊரில் குறைவு.

ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய அப்பா எழுபதாவது வயதில், பெற்ற மகனைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்று விசாரித்தவர். அது தனக்கும் வரும் என்று யாகப்பன் உள்ளூர நடுங்கினார். அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகையில், சீட்டாடினால் வயதானவர்களுக்கு மூளை மழுங்காது என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். அதைக் கத்தரித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். வேதவாக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

[குறிப்பு: ஆட்டம் முன்னூற்றிநாலு. நாலு பேர், முப்பத்திரண்டு சீட்டு. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டு. ஜாக்கிதான் பெரிய சீட்டு, முப்பது புள்ளி. ராஜாவுக்கு வெறும் மூன்று. இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இதற்குமேல் தெரிய வேண்டியதில்லை.]

அவருக்குக் கூட்டு, மனைவி தெரசம்மாள். எதிர்க்கட்சி அவளுடைய தம்பி அற்புதராஜும் அவன் மனைவி சகாயம்மாளும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு உட்காருவார்கள்.

(தெரசம்மாளை நான் சரியாக எழுதவில்லை. முதல் பிரதியில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். உண்மையில் நால்வரில் கெட்டிக்காரி அவள்தான். யாகப்பன் காதைச் சொறிந்தால் கையில் ஜாக்கி இருக்கிறது என்று முப்பது வருடமாக அவளுக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.)

3

பாஸ்குக்கு முந்தின நோன்பான தபசு காலம் வந்தது. அந்த நாற்பது நாளும் சீட்டுக்கட்டை நூல் போட்டுக் கட்டி, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். கறி இல்லாமல் யாகப்பன் இருந்துவிடுவார். சீட்டு இல்லாமல் மூளை என்னாவது? பங்குச் சாமியாரிடம் போய், இது விளையாட்டல்ல, மருந்து, எனக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று மன்றாடினார். பத்திரிகைத் துண்டையும் நீட்டினார். சாமியார் அதை நிதானமாகப் படித்துவிட்டு, ஜெபமாலையிலும் எண்ணிக்கை இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

யாகப்பன் எண்ண ஆரம்பித்தார். சாயங்காலம் தெரசம்மாள் முன்னால் சொல்ல, அவர் பின்பாட்டு. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்ட தியானத்தை முடித்தவள், மறுபடியும் அதையே ஆரம்பித்தாள்.

"அது முடிஞ்சுபோச்சு, தெரசு. முள்முடிக்கு வா."

மறுநாளும் அதே கற்றூண். அதற்கு மறுநாள், ஜெபமாலையில் பத்து மணி உருள வேண்டிய இடத்தில் பதினாலு உருண்டது. பிழை கண்டுபிடித்த ஆனந்தத்தில் யாகப்பனுக்குப் பக்தியே கூடிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் மைத்துனனைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? சீட்டத் தொடாததுல உங்க அக்காவுக்கு என்ன கதியாகிப்போச்சு. எனக்கு ஒண்ணும் ஆகுலீங்க."

அற்புதராஜ் தலையாட்டினான்.

[குறிப்பு: அந்த மாதம் ரசத்தில் மூன்று தரம் உப்பு இரட்டிப்பாக இருந்தது. அதையும் யாகப்பன் நினைவில் வைத்திருந்தார். அவர் எதையும் மறப்பதில்லை.]

4

பாஸ்கு முடிந்து கட்டைப் பிரித்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் இஸ்பேட் இறங்கியது. தெரசம்மாள் கிளாவரைப் போட்டாள்.

"இஸ்பேட் ஒம்போது உன் கையிலதான் இருக்குது" என்றார் யாகப்பன்.

இருந்தது. அவருடைய மூளையை அவரே மெச்சிக்கொண்டார். அவள் சீட்டுகளை மடியில் கவிழ்த்து வைத்தாள். மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கணவரிடம், முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கிறவள் மாதிரி, மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, இந்த ஆட்டத்துல எனக்குக் கூட்டு யாருங்க?"

எல்லோரும் சிரித்தோம்.

(சிரித்தார்கள் என்று திருத்த வேண்டும். வேண்டாம், இருக்கட்டும். ஆண்களில் அற்புதராஜை மட்டும் நான் 'அவன்' என்று எழுதிவந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது நான்தான். அவள் என் அக்கா. கிறிஸ்துமஸ் அன்றே என் மூத்த மகன் பெயரை என்னிடம் இரண்டு தரம் கேட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸிலிருந்து எல்லா ஆட்டத்திலும் நாங்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.)

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: யாகப்பன் சீட்டை எறிந்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறார். பத்திரிகைக்காரர்கள் வாரி எடுத்துக்கொள்வார்கள். மச்சான் அழுது நான் பார்த்ததில்லை. அதனால் அந்த முடிவை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அவள் கேலிக்காகத்தான் கேட்டாள். கடைசிச் சுற்றில் ஜாக்கியை இறக்கி, எங்கள் மூன்று பேர் முகத்திலும் கரியைப் பூசி, அவள்... இதை எழுதும்போது நானே நம்பப் பார்த்தேன். அதனால்தான் பாதியில் நிற்கிறது.

மூன்றாவது, நடந்தது. மச்சான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரசு ஆடினது போதும், வேறு ஆள் பாருங்கள் என்றார்.

"கெட்டிக்காரங்கூட ஆடுனாத்தானுங்க மாப்பிள்ளை நம்ம மூளைக்கு நல்லது."

ஓய்வுபெற்ற வாத்தியார் தங்கசாமியைக் கூட்டிவந்தது நான். அக்கா அடுப்படிக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தங்கசாமிக்குக் காபி கொடுத்தாள். சற்று நேரம் கழித்து அவருக்கே மறுபடியும் கொடுத்தாள். அவர் மரியாதைக்காரர், இரண்டையும் குடித்தார். யாகப்பன் அன்றைக்கு ஒரு சீட்டைக்கூடத் தவறவிடவில்லை.

போன வியாழக்கிழமை அக்கா கோவிலுக்கென்று கிளம்பி, ஆத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். சகாயம்மாள் பார்த்து இறக்கிக் கூட்டிவந்தாள். இது மச்சானுக்குத் தெரியாது.

6

வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல்தான், இதைக் கதையாக எழுதி முடித்து அவரிடம் படிக்கக் கொடுப்பது என்று ஆரம்பித்தேன். முடியாத கதையை எப்படிக் கொடுப்பது? கோழைக்குக் கதை எழுதத் தெரிந்திருந்தால் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் யாராவது இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். தெருப் பெயர்கூட வேண்டாம். 'யாகப்பன், ரயில் தபால், சேலம்' என்று எழுதினால் போதும். முகவரி சரியில்லாத கடிதங்களை முப்பத்தைந்து வருடம் சேர்ப்பித்தவருக்கு, யாராவது ஒன்றைச் சேர்ப்பிக்காமலா போவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. பத்து மணிக்குத் தங்கசாமி வந்துவிடுவார். நானும் சீட்டைக் கலைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.