நொட்டையார் வாங்கிய டர்போ

திரைச்சீலைக் கடைக்காரருக்குக் கடைத்தெருவில் நொட்டையார் என்று பெயர். விற்கும்போது அவர் வாயில் தேன் ஒழுகும், வாங்கும்போது வேப்பெண்ணெய். மொத்த வியாபாரி துணியை முழுசாக விரிப்பதற்குள் இவர் உதட்டைப் பிதுக்கிவிடுவார். "சாயம் நிக்குமா?" என்பார். "ஓரம் கோணிக்கிட்டு இருக்கே" என்பார். விற்க வந்தவனுக்கே தன் சரக்கின்மேல் நம்பிக்கை போய், கழித்துக்கட்டினால் போதும் என்று ஆனபிறகுதான் விலை என்ற பேச்சையே எடுப்பார். அப்படிச் சம்பாதித்துக் கொடுத்த அதே வாய்தான் பல் டாக்டர் வீட்டில் அவரைக் குப்புறத் தள்ளியது.

அவர் பல் டாக்டர் வீட்டுக்குப் போனது தனக்காக அல்ல, மனைவிக்காக. அந்தம்மா ஐஸ் தொழிற்சாலையில் கம்ப்ரசர்களைக் கட்டி மேய்த்தவர். ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த புதிதில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்து மாட்டினார். மிக்சியைப் பிரித்தார். கடைக்கு வந்து, ஆடாத கம்பிகளையெல்லாம் முறுக்கிவிட்டுப் போனார். அதுவரை நொட்டையார் சிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. அந்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கேட்டால் "ம்". மறுபடி கேட்டால் "சரி". சண்டைக்கு இழுத்தாலும் வரவில்லை. சண்டைக்கும் வராத மனைவியோடு ஒரு மனிதன் எப்படிக் காலம் தள்ளுவது?

சாயங்கால நடையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தம்மாவின் கால்கள் நிற்கும். பல் டாக்டர் வீட்டுக் கார் கொட்டகை. உள்ளே, கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில், தாழ்ந்து படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து இப்போது செங்கல் தூளாக வெளுத்தது. முகப்பு விளக்குகள் மேலே எழும்பி மடங்கும் ரகம். ஒன்று எழும்பியும் ஒன்று மடங்கியும் அப்படியே நின்றுபோயிருந்தது.

"டர்போ வண்டிங்க. காத்தை அமுக்கித் திணிக்கிற வேலைதானே. நான் பண்ணாததா?" என்றார் அந்தம்மா ஒருநாள். பல மாதங்களில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. மறுநாளே நொட்டையார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பல் டாக்டர் தனியாக வாழும் வயதான பெண்மணி. அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்வந்தவர். முட்டி தேய்ந்து கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனதும் காரை நிறுத்தினார்; நிறுத்தியது நின்றதுதான். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலக் கூச்சத்தோடு ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

பழக்கம் விடுமா? நொட்டையார் தார்ப்பாயைத் தூக்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயையோ, டாக்டர்! அடியெல்லாம் துரு அரிச்சுப் போச்சே. சக்கரம் நாலும் இறுகிப்போச்சு. உள்ளே எலி பேரன் பேத்தி எடுத்திருக்கு. ஒரு கண்ணு முழிச்சிருக்கு, ஒரு கண்ணு மூடியிருக்கு. இது கண்ணடிக்குதா, பக்கவாதமா? டர்போன்னு ஒண்ணு இருக்காமே, அது போச்சுன்னா இன்ஜினையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்னு சொல்றாங்க..."

சொல்லச் சொல்ல அவருக்கே சுவை ஏறியது. டாக்டர் முகம் வாடியது. இன்னும் இரண்டு நொட்டை சொன்னால் பாதிக்கு இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு சீக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நல்லவேளை சொன்னீங்க. காப்பாத்த முடியாததைப் பிடுங்கிடணும். அதான் என் தொழில். தெரிஞ்சே இதை உங்க தலையில கட்டினா எனக்குத் தூக்கம் வராது." சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பழைய இரும்புக்காரரை மறுநாள் காலையில் வரச் சொல்லிவிட்டார்.

"பரவாயில்ல, நானே வாங்கிக்கறேன்" என்று நொட்டையார் என்னென்னவோ சமாளித்துப் பார்த்தார். "உங்க பெருந்தன்மை எனக்குப் புரியுது" என்று டாக்டர் அவர் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பழைய துப்பட்டா விரித்து, அதன்மேல் ஸ்பேனர்கள் சிறிசிலிருந்து பெரிசு வரை வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து மினுமினுத்தன. விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா கத்தியிருந்தால் பரவாயில்லை. "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். பெட்டி மூடிய சத்தம் நொட்டையாரின் காதில் வெகுநேரம் நின்றது.

காலையில், "கிளம்பு, போலாம்" என்றார் நொட்டையார்.

"எதுக்கு? இரும்பு எடை போடவா?"

"வாயால கெடுத்தேன். வாயாலேயே சரிபண்ணப் பாக்குறேன். நீ கூட இரு. ஸ்பேனர் பெட்டியையும் எடுத்துக்கோ."

இவர்கள் போனபோது பழைய இரும்புக்காரர் ஏற்கெனவே லாரியோடு வந்து, இடுப்பில் கைவைத்துக் காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன டாக்டரம்மா, அடியெல்லாம் அரிச்சுப் போச்சே! சக்கரம் இறுகிப்போச்சு. எலி வேற. இதை ஏத்துற கூலிக்குக்கூடக் கட்டாதே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

தன் வசனத்தை அடுத்தவன் வாயில் கேட்டதும் நொட்டையாருக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ!

"யோவ்! யாரைப் பாத்து அரிச்சுப்போச்சுங்கற? மேலாக்க இருக்குற துருய்யா அது, உப்புத்தாள் போட்டாப் போயிடும். எலி எந்த வீட்டுல இல்ல? உன் லாரியில இல்லையா?"

"அண்ணே, வாங்க வந்தவன் வேற என்ன சொல்லுவான்? நீங்க கடை வெச்சிருக்கிறவர்தானே!"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்து நீங்களும் இதேதானே சொன்னீங்க? எதுங்க நிஜம்?"

விற்கவும் வாங்கவும் ஆயிரம் பதில் உண்டு நொட்டையாரிடம். இந்தக் கேள்விக்குத்தான் கைவசம் சரக்கில்லை. "எனக்குத் தெரியாது டாக்டர்" என்றார் மெல்ல. "வண்டியைப் பத்தி எனக்கு மண்ணும் தெரியாது. விலையைக் குறைக்கத்தான் நேத்து அவ்வளவும் பேசினேன். தெரிஞ்சவ இவதான். இவ பாத்துச் சொல்லட்டும். இரும்புக்குப் போடுன்னா போட்டுடுங்க."

அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பானட்டைத் திறக்கச் சொன்னார். நத்தைக்கூடு மாதிரி இருந்த டர்போவின் வாயிலிருந்து குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அங்கிருந்த குட்டிச் சக்கரத்தைச் சுண்டினார். அது சுழன்றது. அசைத்துப் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றி முகர்ந்தார். பெரிய ஸ்பேனரை இன்ஜின் தண்டில் மாட்டி, மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினார். ஏதோ முனகிவிட்டு அது அசைந்தது. நிமிர்ந்தபோது அந்தம்மாவின் மூக்கில் கரி; கண்ணில் நொட்டையார் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்த வெளிச்சம்.

"பெட்ரோல் டேங்க் போச்சு டாக்டர், மாத்தணும். பெல்ட் எதுவும் தேறாது. பிரேக் பிடிச்சுக்கிட்டிருக்கு. ஆனா இன்ஜின் இறுகல. டர்போவும் நல்லா சுத்துது. ஓடும்."

"எதைப் பிடுங்கணும், எதை விடணும்னு தெரிஞ்ச கை" என்றார் டாக்டர். பிறகு அதே பழைய விலையைச் சொன்னார்.

நொட்டையாரின் உதடு தானாகப் பிதுங்கப் போனது. மனைவி பார்த்தார். உதடு இருந்த இடத்துக்குத் திரும்பியது. கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். வாழ்க்கையில் முதல்தடவை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோம்மா. ஓடி வந்ததும் பட்டுனு அணைச்சுடாத. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு மூச்சு வாங்கவிடணும். இல்லேன்னா டர்போவுக்குள்ள எண்ணெய் கருகிப்போயிடும்" என்றார் டாக்டர்.

வந்ததற்கு வெறுங்கையோடு போவானேன் என்று பழைய இரும்புக்காரரே காரைத் தன் லாரியில் ஏற்றிவரச் சம்மதித்தார். உள்ளே அடக்கிவைத்த வாய்க்கெல்லாம் சேர்த்து நொட்டையார் அவரிடம் கூலியில் பேரம் பேசித் தீர்த்துக்கொண்டார்.

அதன்பிறகு வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. சண்டை நேரத்துக்குக் கிடைத்தது. "அந்த டார்ச்சை ஒழுங்காப் பிடிங்க!" "பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்!" "என் முகத்துல அடிச்சா நட்டு எப்படித் தெரியும்?" நொட்டையாருக்குத் தேனாக இனித்தது. பழைய பெட்ரோல் வார்னிஷ் நாற்றத்தோடு வடிந்தது. வேறு டேங்க் வந்தது, புது பெல்ட் வந்தது. எண்ணெய்க் குழாய்க்குள் படிந்திருந்த கரியை அந்தம்மா கம்பியால் சுரண்டி எடுத்தார். பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிய அன்று கார் இருமி, தும்மி, தெருவையே நீலப்புகையில் மூழ்கடித்து, அணையாமல் ஓடியது. பக்கத்து வீட்டில் ஜன்னல்கள் படபடவென்று மூடின.

ஆனால் இழுவை இல்லை. டர்போ சுழல்கிறது, பலன் சக்கரத்துக்கு வரவில்லை. "ஊதின காத்து எங்கேயோ ஓடிப்போகுது" என்று அந்தம்மா சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேடினார். அகப்படவில்லை. மூன்றாவது நாளும் தேடிவிட்டு, எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

நொட்டையார் அந்த ஜன்னலைப் பார்த்தார். யாரும் கூப்பிடாமலே போய், ஆறிக்கிடந்த இன்ஜினுக்குள் கையை விட்டார். வண்டி தெரியாது. ஆனால் சுருட்டிவைத்த துணிக்கட்டில் நூலளவு கிழிசலைக் கண்ணால் பார்க்காமலே விரலால் கண்டுபிடித்தவர் அவர். தடித்த ரப்பர் குழாயை, துணி பார்ப்பதுபோலவே, அடிப்பக்கமாக மெல்லத் தடவிக்கொண்டே போனார். கண்ணுக்கு எட்டாத வளைவில் விரல் நின்றது.

"ஏம்மா, இங்க வா. இந்தச் சரக்குல ஒரு நொட்டை இருக்கு."

மடிப்புக்குள் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. அழுத்தினால் வாயைத் திறந்தது. அந்தம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அந்த விரலை ஏதோ புதுக் கருவி மாதிரி.

குழாய் மாற்றியதும் டாக்டரை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டியது அந்தம்மா. பக்கத்தில் டாக்டர். பின்சீட் என்று பேருக்கு இருந்த பலகையில், முட்டி தாடையில் இடிக்க, நொட்டையார். ஊருக்கு வெளியே காலியான சாலை வந்ததும் அந்தம்மா மிதித்தார். கார் முதலில் சொன்னது காதில் விழாத மாதிரி இருந்தது. அப்புறம் எங்கோ ஒரு விசில் எழும்ப, யாரோ முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார்கள். டாக்டர் "ஆ, அதேதான்!" என்று கத்தினார். முட்டிவலி மறந்து, தன் பக்கத்தில் இல்லாத பெடலை அவர் கால் மிதித்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. இரண்டு விளக்குகளும் ஒன்றாய் எழும்பி, முழுதாய் விழித்திருந்தன. ஒரு சொட்டு பெட்ரோல் வீணாவதைப் பொறுக்காதவர் நொட்டையார். சிக்னலில்கூட ஸ்கூட்டரை அணைப்பவர். டாக்டர் சொன்னபடி மூச்சு வாங்க, இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று அந்தம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டார். "சொல்ல ஒரு நொட்டைகூடக் கிடைக்கலையா?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் நொட்டையார். "அதுக்குள்ள அணைச்சுடாத."