ஓடையில் விட்ட ஜோடி

லாபிஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்ட ஓடையில் இன்று எங்கள் மாலை வகுப்பு மாணவர்களின் கடைசித் தேடல். இந்த ஓடையில் வாழும் ஒரு வகைச் சண்டைமீனை, அழியும் நிலையில் உள்ளது என்று சிவப்புப் பட்டியலில் சேர்க்கச் சான்று வேண்டும். மீன் இன்னும் இருப்பதைக் காட்டினால் ஓடையை மண் கொட்டித் தூர்க்கமாட்டேன் என்று நிலக்காரரும் சொல்லியிருந்தார். இதுவரை வலையில் வந்தது இலையும் சேறும்தான்.

எங்கள் வகுப்புத் தோழி யோகேஸ்வரி பிறந்த தோட்டம் இது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, மோட்டார் சைக்கிளில் எங்களுக்கு முன்பே வந்து கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்காம வந்துட்டியா? தண்ணியில விழுந்துடாத லா," என்றான் உடன் படிக்கும் கில்பர்ட்.

"நீ விழுந்தா ஓடையே வெளிய வந்துரும். போடா குண்டா."

நண்பகலில் அவன்தான் கத்தினான். "அலமாக்! சார், கெடச்சிருச்சு!"

ஆண் மீன். செந்நிறக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஆசிரியர் மனோகரன் படம் எடுத்தார்; நான் இடத்தைக் குறித்துக்கொண்டேன். யோகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். மகிழ்ச்சி என்று நினைத்தேன்.

மீன் இருந்த பெட்டியின்மேல் விரலை நீட்டினேன். அது ஒளியவில்லை. மேலே வந்து விரல் நுனியைக் கொத்தியது. தீனிக்குப் பழகிய மீன். நான்தான் தவறாகப் பார்க்கிறேனோ என்று தயங்குவதற்குள் சாரும் பார்த்துவிட்டார்.

"யோகேஸ், இது யாரு மீனும்மா?"

அவள் உடனே சொல்லிவிட்டாள். "என்னோடதுதான் சார். ஸ்கூல் படிக்கிறப்ப இங்க புடிச்ச மீனோட குஞ்சுங்க. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. இந்த ஜோடிதான் மிச்சம். காலையில கொண்டாந்து விட்டேன். இந்த ஓடை மீன்தானே சார், எழுதிக்கலாமே?"

"முடியாதும்மா. வீட்டுல இருக்குன்னு சொல்லியிருந்தா குஞ்சு பொரிக்க வச்சிருக்கலாமே."

"தொட்டியில இருந்தா கணக்குல வராதுன்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க?"

சார் வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பெட்டை மீனைத் தேடி எல்லோரும் இறங்கினோம். வெளிச்சம் போகும்வரை அரித்தும் பெட்டை கிடைக்கவில்லை.

யோகேஸ்வரி ஆண் மீனை ஓடைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் மாட்டினாள். "தனியா என்ன பண்ணும் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

அறிக்கை எழுதுவது என் வேலை. ஓடையில் இயற்கையாக வாழும் மீன் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறேன். விதிப்படி அது சரி. மண் லாரிகள் திங்கட்கிழமை வரும். பெட்டை அங்கேதான் எங்கோ இருக்கிறது.