பாலத்தின் நடுவே பதினேழாம் நம்பர்

சமாதானத்துக்காக மட்டும் பன்னிரண்டு பயிற்சி முகாம் நடந்து முடிந்திருந்தது. நிவாரண அமைப்புக்காரர்கள் ஆளுக்கொரு கலர் பேனா கொடுத்து, நம்பிக்கை என்றால் என்ன என்று வரையச் சொன்னார்கள். எல்லாரும் புறா வரைந்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், இக்கரைக்காரர்கள் ஒரு வேனிலும் அக்கரைக்காரர்கள் இன்னொரு வேனிலும் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்கள். சண்டை ஓய்ந்து பாலம் திறந்து ஆறு மாதம் ஆகியும் அதைக் கடந்தது ஆடுகள் மட்டும்தான்.

கத்திரிக்கு அந்தப் பாலத்தைப் பார்த்தாலே வயிறு எரியும். தையல் தொழில், வெட்டுகிற நாக்கு, அதனால் ஊர் வைத்த பெயர். ஒரே மகளை அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். இந்தப் பக்கத்துக் குண்டு ஒன்று போய் சம்பந்தியம்மாளின் கூரையைப் பிய்த்ததிலிருந்து, "நானா சொல்ற வரைக்கும் நீ பாலத்துல கால் வைக்கக் கூடாது" என்று அந்த அம்மாள் மருமகளுக்கு உத்தரவு போட்டுவிட்டாள். மகள் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம்.

அப்போதுதான் தையல் மிஷின்கள் வந்தன. ஒரு கரைக்குக் கூட, ஒரு கரைக்குக் குறைய என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அமைப்புக்காரர்கள் அறுபது பெட்டியை முப்பது முப்பதாகப் பிரித்தார்கள். நியாயம் என்றால் அப்படியொரு நியாயம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுதான் யாரும் பார்க்கவில்லை. இக்கரைக்கு முப்பது மிஷின் தலை வந்தது. அக்கரைக்கு முப்பது ஸ்டாண்டும் மிதியும் போனது.

இரண்டு கரையும் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்து முடித்ததும்தான் வேலை நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடச் சீருடை, கரைக்கு முந்நூறு சட்டை, பத்தே நாளில் கொடுத்தாக வேண்டும்.

"காலைக் கொண்டு வாங்க!" என்று இக்கரையிலிருந்து கத்தினார்கள்.

"ஏன், தலை நடந்து வராதா?" என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது.

யாருடைய மானமும் இறங்கி வரவில்லை. கடைசியில் பாலத்துக்கு நடுவே, சரிபாதியில், மிஷின்களைப் பூட்டுவது என்று முடிவானது. நம்பருக்கு நம்பர் ஜோடி. கத்திரியின் தலை பதினேழு. பதினேழாம் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றவள் யார் என்கிறீர்கள்? சம்பந்தியம்மாளேதான். விதிக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு.

ஒருத்தி வெட்ட, ஒருத்தி தைக்க, எட்டு நாள் வேலை பறந்தது. பேச்சு மட்டும் கிடையாது. சம்பந்தியம்மாள் துணியைப் பார்த்துத்தான் பேசுவாள்: "ஏ காலரே, உன்னை இப்படிக் கோணலா வச்சவளுக்குக் கண்ணு எங்க இருக்கு?" கத்திரிக்கு நாக்கு துறுதுறுக்கும். மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் காலையில் லாரி வந்தது. அமைப்பின் அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டபடி இறங்கினார்.

"தப்பு எங்களோடதுதாம்மா. மீதித் தலை, மீதி ஸ்டாண்டு எல்லாம் கொண்டு வந்துட்டோம். இனிமே ஆளுக்கு ஒரு முழு மிஷின். நிம்மதியா அவங்கவங்க வீட்ல உக்காந்து தைக்கலாம்."

பாலத்தில் அத்தனை மிஷினும் நின்றுபோனது. கத்திரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக ஆசைப்பட்ட சொந்த மிஷின், அதைப் போய் இந்த மனுஷன் இன்றைக்கா கொண்டு வர வேண்டும்! வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றாள். வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் மனசில்லை.

சம்பந்தியம்மாள் லாரியைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். துணியைப் பார்க்கவே இல்லை.

"சம்பந்தி," என்றாள். "உங்க மிஷினை எங்க இறக்கச் சொல்லட்டும்?"

கத்திரி ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். "உங்க மிஷினுக்குப் பக்கத்துலயே, சம்பந்தி."

சம்பந்தியம்மாள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா தம்பி? வந்த சாமானை எவளும் திருப்பி அனுப்ப மாட்டா. எல்லாத்தையும் இங்கயே இறக்குங்க."

"அம்மா, அறுபது மிஷினும் பாலத்துலயா? அப்புறம் வண்டி எப்படிப் போகும்?"

"சுத்திப் போகட்டும்," என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பாலமே குலுங்கிச் சிரித்தது. அதிகாரியும் வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்டாண்டு தூக்கினார்.

சம்பந்தியம்மாள் சட்டைக் குவியலைப் புரட்டினாள். "தச்சு முடிச்சது இருக்கட்டும். இத்தனைக்கும் பட்டன் கட்ட ஆள் வேணாமா? உங்க பொண்ணு வீட்ல சும்மாதான் இருக்கா. வரச் சொல்லட்டுமா?"

 வாய்க்குப் பேர் போன கத்திரி தலையை மட்டும் ஆட்டினாள், விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.